மொட்டை மாடிக்கும் டீசலுக்கும் நடந்த சண்டை

என் கணவர் முப்பது வருடம் டீசல் ஜெனரேட்டர் விற்றவர். விற்றதோடு விடமாட்டார், பழுதும் அவரே பார்ப்பார். குரோம்பேட்டையிலிருந்து கூடுவாஞ்சேரி வரை எந்தக் கல்யாண மண்டபத்தில் ஜெனரேட்டர் உறுமினாலும், சாப்பிடுகிற கையை நிறுத்திக் காதைக் கொடுத்துவிட்டு, "நம்ம சரக்கு" என்பார். அப்பேர்ப்பட்ட மனிதரைக் கட்டிக்கொண்ட நான், மாடம்பாக்கத்தில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் பொதுக்கூட்டத்தில் எழுந்து நின்று, "ஜெனரேட்டர் போதும், மொட்டை மாடியில் சோலார் போடலாம்" என்றேன். பக்கத்து நாற்காலியில் இருந்த அவர் எழுந்து போய் எதிர்வரிசையில் உட்கார்ந்துகொண்டார்.

நான் இன்சூரன்ஸ் ஏஜென்ட். நாளெல்லாம் பேசிப் பிழைக்கிறவள். ஆனால் அன்றைக்குப் பேசியது பிழைப்புக்காக இல்லை, முதல் மாடி அக்காவுக்காக. பள்ளிக்கூட டீச்சராக இருந்து ஓய்வுபெற்றவர், தனி ஆள், கடுமையான வீசிங். ஜெனரேட்டரின் புகைக்குழாய் அவர் ஜன்னலுக்கு நேர் கீழே. கரண்ட் போனால் எங்களுக்கெல்லாம் லிஃப்ட் ஓடும், மோட்டார் ஓடும்; அவருக்கு மட்டும் மூச்சு ஓடாது. ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் புகை. அந்தப் பழைய ஜெனரேட்டரும் இழுத்துக்கொண்டிருந்ததால், அதே இடத்தில் இரண்டு மடங்கு பெரிதாக ஒன்று வைக்கலாம் என்று அசோசியேஷன் முடிவெடுக்கப் பார்த்தது. அப்படி நடந்தால் வீட்டை விற்றுவிட்டு அண்ணன் பையனோடு நாகர்கோவில் போய்விடுவதாக அக்கா என்னிடம் சொல்லியிருந்தார். முப்பத்தைந்து வருடம் தாம்பரத்துப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர், யாரோ ஒருவர் வீட்டு அறைக்குள் போய் ஒடுங்கப் போகிறாராம்.

அசோசியேஷன் தலைவர் லேசான ஆள் இல்லை. எங்கள் கட்டடம் நிற்கிற இடத்தில் ஒரு காலத்தில் அவர்கள் வீட்டு நெல் விளைந்தது. பில்டர் கொடுத்த மூன்று வீடுகளில் ஒன்றில் அவரே குடியிருக்கிறார். "இன்னாம்மா பேசற? சூரியன் சாயங்காலம் ஆறு மணிக்கு டூட்டி முடிச்சுகினு பூடுவாரு. டீசல்னா ராவுல ஊத்துனாலும் ஓடும், மழையில ஊத்துனாலும் ஓடும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும் சேர்ந்து சிரித்ததுதான் என்னைக் கிளப்பிவிட்டது.

"அண்ணா, வெள்ளம் வந்த வருஷம் ஞாபகம் இருக்கா? ஜெனரேட்டர் இருந்துச்சு, டீசல் இல்ல. இடுப்பளவு தண்ணில கேனைத் தலைமேல வெச்சுக்கிட்டுப் பங்க் பங்க்கா அலைஞ்சது யாரு? நீங்கதானே?" என்றேன். "எங்கேயோ கடல்ல கப்பல் நின்னா இங்க சேலையூர் மார்க்கெட்ல தக்காளி விலை ஏறுது. எவனோ ரெண்டு பேர் சண்டை போட்டா நம்ம லிஃப்டுக்கு டீசல் வாங்க யோசிக்கணும். வெயிலுக்கு யார்கிட்ட போய்க் கெஞ்சணும்? நம்மூர்ல வேற எதுக்குப் பஞ்சம் இருந்தாலும் வெயிலுக்குப் பஞ்சமா?"

என் கணவர் எதிர்வரிசையிலிருந்து எழுந்தார். "அதெல்லாம் கேக்க நல்லாத்தான் இருக்கு. அந்த சோலார் பலகையைச் செய்யற ஃபேக்டரி எதுல ஓடுது, கரியிலதானே? பேட்டரி செத்தா எங்க கொண்டு போய்க் கொட்டுவ? நாலு நாள் வெயிலே இல்லாம மோடம் போட்டா லிஃப்டைக் கயிறு கட்டி இழுப்பியா?" என்று கேட்டார். கேள்வி நியாயமானது. அதனால் இன்னும் ஆத்திரம் வந்தது. "செத்த பேட்டரியைக் கடைக்காரன் திருப்பி எடுத்துப்பான். நீங்க விட்ட புகையை எவன் திருப்பி எடுத்துப்பான்?" என்றேன். அவர் உட்கார்ந்துவிட்டார். கடைசி வரிசையில் இருந்த அக்கா தலையைக் குனிந்துகொண்டார்.

இரண்டு மணி நேரச் சண்டைக்குப் பிறகு தலைவர் இறங்கி வந்தார், ஒரு நிபந்தனையோடு. சித்திரை முடிகிற வரைக்கும் சோலாருக்குத் தவணை. பேட்டரி வெயிலில் மட்டும்தான் நிரம்ப வேண்டும், கரண்டில் நிரப்பி ஏமாற்றக் கூடாது. தினமும் மாலையில் மோட்டாரும் வராந்தா விளக்கும் அதிலேயே ஓட வேண்டும், கரண்ட் போனால் பழைய ஜெனரேட்டரைத் தொடாமல் லிஃப்டும் ஓட வேண்டும். தோற்றால் பலகைகளைக் கழற்றி விற்றுவிட்டுப் பெரிய ஜெனரேட்டர் வாங்குவது. "தோத்தா நானே முன்ன நின்னு கழட்டுறேன்" என்று நானும் வாயை விட்டேன்.

பொங்கல் முடிந்ததும் பலகைகள் ஏறின. கருநீலமாக, வரிசையாக, பார்க்கவே நிறைவாக இருந்தது. முதல் மாதம் ராஜபோகம். கரண்ட் போனதே சில பேருக்குத் தெரியவில்லை. நான் தினமும் காலையில் காபி குடித்த கையோடு மாடிக்குப் போய், தொட்டிக் குழாயில் ஹோஸை மாட்டி, பலகைகளைக் குளிப்பாட்டிவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவேன். விமான நிலையத்துப் பக்கமிருந்து வருகிற தூசியும் காக்கை எச்சமும் ஒரு பொட்டுகூட இருக்க விடமாட்டேன். பெற்ற பிள்ளையை இப்படிக் கழுவியிருப்பேனா என்று கேட்டால், இல்லை.

பங்குனியில் பேட்டரி நிரம்புவது குறைந்தது. சித்திரையில் பாதிகூட நிரம்பவில்லை. பலகை மாட்டின கம்பெனிக்குப் போன் செய்தால், "மேகமா இருக்கும் மேடம்" என்றான் ஒருவன். மண்டையைப் பிளக்கிற வெயிலில் நின்றுகொண்டு அதைக் கேட்டேன். எனக்கு வந்த கோபத்துக்கு, அவன் எதிரில் இல்லாதது அவன் அதிர்ஷ்டம். ஒருநாள் மாலை ஆறரைக்குக் கரண்ட் போனது. லிஃப்ட் இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் நின்றது. உள்ளே காய்கறிப் பையோடு தலைவர். என் கணவர்தான் சாவி போட்டுத் திறந்து, கையைப் பிடித்து இறக்கினார். வேர்த்து வழிய வெளியே வந்த தலைவர் என்னைப் பார்த்து, "இன்னாம்மா, உன் சூரியன் லீவா?" என்றார். கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், அவர் மெதுவாகச் சொன்னார். "ஞாயித்துக்கெழம கூட்டம். முடிச்சுக்கலாம்."

மறுநாள் காலை அக்கா வீட்டைப் பார்க்க ஒரு குடும்பத்தைப் புரோக்கர் அழைத்து வந்தார். அவர்கள் சமையலறையை அளந்துகொண்டிருக்கும்போது அக்கா வாசலில் நின்று என்னிடம், "நீ போராடினது போதும்மா. மனசுல ஒண்ணும் வெச்சுக்காதே" என்றார். நான் வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். தோற்றதுக்காக அழவில்லை. நம்பவைத்துக் கழுத்தறுத்துவிட்டேனே என்றுதான் அழுதேன்.

அன்றைக்கு வியாழக்கிழமை. என் கணவர் குளியலறையில் கீசருக்குள் தண்ணீரைச் சூடாக்குகிற கம்பிச்சுருளை, அந்தக் காயிலை, கழற்றிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்கள் பக்கத்து போர்வெல் தண்ணீருக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை இந்த வைபவம் நடக்கும். காயில் மேல் சுண்ணாம்பு மாதிரி உப்பு அப்பியிருக்கும், ஸ்பேனரால் தட்டித் தட்டி உதிர்ப்பார். "இந்தத் தண்ணி எதைத்தான் விட்டுவெக்குது" என்று வழக்கம்போல் முனகினார். நான் அந்தக் காயிலையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு நான்கு மாடியையும் படியேறி ஓடினேன். பலகை மேல் நகத்தால் கீறினேன். வெள்ளையாக மாவு உதிர்ந்தது.

தலையில் அடித்துக்கொண்டேன். வாளி வெளுத்துப்போகிறது, குழாய் பூத்துப்போகிறது, சிங்க் சொரசொரவென்று ஆகிறது, துடைக்காமல் விட்ட எவர்சில்வர் டம்ளரில்கூடப் புள்ளி விழுகிறது. இந்த ஏரியாவில் குடித்தனம் செய்கிற எந்தப் பெண்ணுக்கு இது தெரியாது? அதே தண்ணீரைத் தினமும் காலையில் பலகை மேல் ஊற்றி, துடைக்காமல் வெயிலில் காயவிட்டு, சூரியனுக்கும் பலகைக்கும் நடுவில் நானே என் கையால் திரை போட்டிருக்கிறேன். அதுவும் ஒருநாள் தவறாமல்.

பின்னாலேயே ஏறி வந்த என் கணவரிடம் ஒளிக்காமல் சொன்னேன். கேலி செய்வார், ஊரைக் கூட்டிச் சொல்வார் என்று நினைத்தேன். அவர் குந்தி உட்கார்ந்து பலகையைத் தடவிப் பார்த்தார். "மெஷின்ல கோளாறு இல்ல, கழுவின கையில இருக்கு. இதை வெச்சு டீசல் ஜெயிச்சுதுன்னு சொன்னா அழுகுணி ஆட்டம்" என்றார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவரைப் பிடித்துப்போன நாட்கள் சில உண்டு. அன்றைக்குப் போல ஒருநாளும் பிடித்ததில்லை.

வழியையும் அவரே சொன்னார். வினிகரில் துணியை நனைத்து உப்பை இளக்கி எடுக்க வேண்டும். கடைசியாக அலச ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீர். உப்பே இல்லாத தண்ணீர் அது, பேட்டரிக்கு ஊற்ற அவர் எப்போதும் அதைத்தான் பிடித்துவைப்பார். நான் வீடு வீடாக ஏறி இறங்கி, ஏசி குழாய்க்கு அடியில் வாளி வைக்கச் சொன்னேன். சித்திரை வெயிலில் எல்லா ஏசியும் ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்ததும் பலகைகள் சூடு ஆறக் காத்திருந்து இரண்டு பேருமாக ஆரம்பித்தோம். சனிக்கிழமை விடியற்காலையில் பார்த்தால் ஒன்பது பேர் துணியோடு வந்து நின்றார்கள். வெயில் ஏறுவதற்குள் கடைசிப் பலகையும் பளபளத்தது.

ஞாயிறு மாலை கார் நிறுத்துமிடத்தில் கூட்டம். முதலில் என் தவறைச் சொன்னேன், சபை நடுவில், பூசி மெழுகாமல். சிரிப்பு எழுந்தது. தலைவர் சிரிக்கவில்லை. எழுந்து போய் மெயின் ஸ்விட்சை அவர் கையாலேயே அணைத்தார். "ஓடட்டும் பாக்கலாம்" என்றார்.

லிஃப்ட் மேலே போனது, கீழே வந்தது. மோட்டாரைப் போட்டார்கள், தொட்டி நிரம்பி வழிந்தது. விளக்கெல்லாம் எரிந்தது. பிள்ளைகள் லிஃப்டை விட்டு இறங்கவே மறுத்தார்கள். கடைசியில் தலைவர் உள்ளே போனார். கொஞ்சம் தயங்கித்தான் போனார். கதவு மூடியது. நான்காவது மாடிக்குப் போய்த் திரும்பி, கதவு திறந்து வெளியே வந்தார். ஏழரை மணிக்கும் பேட்டரிப் பெட்டியில் பாதிக்கு மேல் பச்சை எரிந்துகொண்டிருந்தது.

"டீசல் வோணான்றவங்க கையத் தூக்குங்க" என்றார் தலைவர். முதலில் உயர்ந்தது எதிர்வரிசையில் இருந்த ஒரு கை. டீசல் ஜெனரேட்டர் விற்றே எங்கள் பிள்ளைகளைப் படிக்கவைத்த கை. அதற்குப் பிறகு எத்தனை உயர்ந்தன என்று நான் எண்ணவில்லை. "ஜெயிச்சுட்டம்மா நீ. அந்தப் பழசையும் நாளைக்கே தூக்கிரச் சொல்லு, டீச்சரம்மா நிம்மதியா இருக்கட்டும்" என்றார் தலைவர். எனக்கு மார்பு விம்மியது. இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. வாழ்க்கையில் நான் இவ்வளவு முழுசாக ஜெயித்ததில்லை.

அக்கா போனை எடுத்தார். கூட்டம் மொத்தமும் பார்த்துக்கொண்டிருக்க, வகுப்பில் பேசுகிற அதே குரலில் புரோக்கரிடம், "தம்பி, அவங்ககிட்ட சொல்லிடுங்க. வீடு விக்கிறதுக்கு இல்ல. நான் இங்கதான் இருக்கப் போறேன்" என்றார்.