துண்டுக்குள் ஐந்து விரல்

திண்டுக்கல்லில் கல்லூரி விடுதியில் இருந்தபோது, பகடை உருட்டிக் கதைக்குள் சண்டை போடும் விளையாட்டு என்றால் எங்கள் நான்கு பேருக்கும் பைத்தியம். அதற்காக, வாளோடு மந்திரமும் அறிந்த ஒரு வீராங்கனையை நானே உருவாக்கினேன். ஆட்டத்தை நடத்திய ஸ்டெல்லா ஒத்துக்கொள்ளவில்லை.

"ரெண்டும் உனக்கேன்னா நாங்க எதுக்குடி?"

அப்பா ஒட்டன்சத்திரத்தில் மாட்டுத் தரகர். லீவில் போனபோது, சந்தையில் அவர் துண்டுக்குள் மாடு வாங்க வந்தவரின் விரல் பிடித்து விலை பேசுவதைப் பார்த்தேன். சுற்றி அத்தனை பேர் நின்றும், விலை அந்த இருவருக்கு மட்டுமே தெரியும். எனக்குப் பளிச்சென்றது. அவரிடமே ஒரு துண்டை வாங்கிக்கொண்டு விடுதிக்குத் திரும்பினேன்.

புது விதி இதுதான்: என் மொத்த பலமே ஐந்து விரல்தான்; துண்டுக்குள் நான் நீட்டும் விரல்கள் மந்திரத்துக்கு, மடக்குபவை வாளுக்கு. எதிரி எதைத் தடுப்பது என்று சொன்ன பிறகே தொட்டுப் பார்க்கலாம். ஸ்டெல்லா சம்மதித்தாள்.

கடைசிச் சண்டையில் மற்ற இருவரும் வீழ்ந்துவிட்டார்கள். அரக்கனாக ஆடிய ஸ்டெல்லா, "வாளத் தடுக்குறேன்" என்றாள். அவள் கை துண்டுக்குள் நுழைந்தது. ஐந்து விரலும் நீண்டிருந்தன. அவள் முகம் மாறியது.

"சொல்லித் தொலைடி!" என்று வீழ்ந்த இருவரும் அவளை உலுக்கினார்கள்.

"அரக்கன் செத்துட்டான்."

நாங்கள் போட்ட கூச்சலில் விடுதியே அதிர்ந்தது.

துண்டைத் திருப்பிக் கொடுத்தபோது அப்பா கேட்டார்: "என்ன சாமி, யாவாரம் படிஞ்சுதா?"

அவர் கையைத் துண்டுக்குள் இழுத்து, என் ஐந்து விரலையும் கொடுத்தேன். எந்த மாடு, யார் வாங்கினார் என்று அவருக்குத் தெரியாது. ஆனாலும், நல்ல விலைதான் என்று சிரித்தார்.