கனடா கராஜ் கதவுக்குப் புதுவாயலில் கேட்ட யோசனை

கனடாவில் இருக்கும் என் மகளின் கராஜ் கதவு, மோட்டார் ஸ்விட்சை அழுத்தினால் பாதியில் நின்றுவிடுகிறதாம். இந்த வாரம் இரண்டு முறை காரை வெளியே எடுக்க முடியாமல் வேலைக்குத் தாமதம். "புது மோட்டார் வாங்கணும்ப்பா. செயின் வச்சதா, பெல்ட் வச்சதா? இன்னைக்கே சொல்லுங்க" என்றாள்.

எனக்குத் தெரியாது. அதனால் காலையில் புதுவாயலில் ஷட்டர் வேலை செய்யும் ஏழுமலையிடம் போனேன். இந்தப் பக்கத்து மீன் கிடங்குகளின் குளிர் அறைக் கதவுகளெல்லாம் அவர் மாட்டியவை.

"பெல்ட்டே வாங்க சொல்லுங்க சார், சத்தம் வராது. கரண்டு போனாலும் தொறக்க பேட்டரி இருக்கணும். ஆமா, கதவு ஓடுற ட்ராக்குல இன்னா போட்டுக்கினு இருக்காங்க?"

"தேங்காய் எண்ணெய். நான்தான் போடச் சொன்னேன்."

ஏழுமலை கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"அங்க இன்னா சார் குளிரு?"

"மைனஸ் இருபது."

"நம்ம ஊர்லயே மார்கழில கட்டிக்குது சார் அது. இப்பிடியே உட்டா புது மோட்டாரும் பேஜாராயிடும். மொதல்ல அத்த சுரண்டி எடுக்க சொல்லுங்க."

உடனே மகளை அழைத்துச் சொன்னேன். சுரண்டினாள். பழைய மோட்டாரே கதவை முழுதாகத் திறந்துவிட்டது.

"உறைநிலைப் பாடம் நீங்கதானேப்பா எடுத்தீங்க?" என்றாள்.

ஆமாம், முப்பது ஆண்டுகள் எடுத்தேன். உதாரணம் காட்ட வகுப்புக்கு நான் கொண்டுபோனது ஒரு பாட்டில் தேங்காய் எண்ணெய்.

என்னிடம் படித்தவர்கள் கருத்துப் பெட்டியில் கொஞ்சம் மரியாதையாக எழுதவும்.