பதினேழாம் எண் அட்டை

இந்த ஆண்டு பி.எட். பயிற்சிக்குப் பள்ளிகளுக்குப் போகிறவர்கள் படிக்க, வகுப்பறைத் தொழில்நுட்பம் பற்றி ஏதாவது எழுதித் தரும்படி நான் படித்த கல்லூரியில் கேட்டார்கள். எந்த ஆப் நல்லது, எந்த ஆப் கெட்டது என்று எழுதும் அளவுக்கு எனக்கு விஷயம் தெரியாது. நான் பயிற்சிக்குப் போன இடத்தில் நடந்த ஒன்றை மட்டும் எழுதுகிறேன்.

1. ஒயரோடு போன பாடவேளை

படப்பைக்கு அருகே ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி, ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவு. எனக்கு அப்போது முப்பத்து மூன்று வயது. மறைமலை நகரில் கார் உதிரிபாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் தரப் பரிசோதனைப் பிரிவில் ஒன்பது வருடம் வேலை பார்த்துவிட்டு, கணித ஆசிரியை ஆகும் ஆசையில் பி.எட். சேர்ந்திருந்தேன். மெஷின்கள் எனக்குப் பழக்கம் என்று ஒரு நினைப்பு இருந்தது.

முதல் நாள் நாற்பது நிமிடப் பாடவேளையில் இருபத்தைந்து நிமிடம் புரொஜெக்டரோடு போராடினேன். பள்ளியில் இருந்த கேபிளின் முனை என் லேப்டாப்பில் நுழையவில்லை. வேறு கேபிள் தேடி ஆய்வகத்துக்கு ஓடி, எடுத்து வந்து மாட்டினால் திரை முழுக்க நீலம். பிள்ளைகள் முதலில் ஆவலாகப் பார்த்தார்கள், பிறகு பேச ஆரம்பித்தார்கள், கடைசியில் இரண்டு பேர் என்னை மறந்து பேனா சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

என்னை மேற்பார்வை பார்க்கும் கைடு டீச்சர் தனசேகரன் சார், அந்தப் பள்ளியின் கணித ஆசிரியர். கடைசி பெஞ்சில் நோட்டு திருத்திக்கொண்டிருந்தார். மணி அடித்ததும் எழுந்து வந்தார்.

"மேடம், ஒயரு நல்லா பாடம் எடுத்துச்சு. நாளைக்கு நீங்க எடுங்க."

மறுநாளிலிருந்து பிரேயருக்கு அரை மணி நேரம் முன்னதாகப் போய் எல்லாவற்றையும் மாட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஸ்டாஃப் ரூமுக்கே போவேன். இன்றுவரை அந்தப் பழக்கம் இருக்கிறது.

2. அட்டைகள்

எங்கள் கல்லூரியில் ஒரு விதி. பயிற்சிக் காலத்தில் சில பாடங்களையாவது தொழில்நுட்பம் பயன்படுத்தி நடத்தி, போட்டோவோடு ரெகார்டு நோட்டில் ஒட்ட வேண்டும். அதில் ஒரு பாடத்தைக் கல்லூரிப் பேராசிரியை நேரில் வந்து பார்த்து மதிப்பெண் போடுவார்.

பிள்ளைகள் பள்ளிக்கு போன் கொண்டுவரக் கூடாது. என் ஒருத்தி போனை வைத்துக்கொண்டு நாற்பது பேரை எப்படிச் சேர்ப்பது? என்னோடு படித்த ஒருத்திதான் இந்த அட்டைகளைப் பற்றிச் சொன்னாள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அட்டை. அதில் கறுப்புக் கட்டங்களால் ஆன ஒரு வடிவம், ஒவ்வொரு அட்டைக்கும் ஒவ்வொரு மாதிரி. அட்டையின் நான்கு பக்கங்களிலும் ஏ, பி, சி, டி என்று பொடி எழுத்தில் இருக்கும். கேள்வி கேட்டதும், விடை எதுவோ அந்தப் பக்கம் மேலே வரும்படி பிடிக்க வேண்டும். நான் போன் கேமராவை வகுப்பு முழுக்க ஒரு சுற்றுச் சுற்றினால் யார் என்ன விடை காட்டினார்கள் என்று போன் படித்துவிடும். எல்லோரும் பார்க்க, புரொஜெக்டர் திரையில் பெயர்ப் பட்டியல் வரும். சரியாகச் சொன்னவர் பெயர் பச்சை, தவறு என்றால் சிவப்பு.

பக்கத்தில் இருப்பவர் என்ன விடை காட்டுகிறார் என்று யாருக்கும் தெரியாது. காப்பியடிக்க வழியில்லை. அட்டைகளை வருகைப் பதிவேட்டு எண்படி கொடுத்தேன். பெயர்களைப் பதிவேட்டின் போட்டோவைப் பார்த்து, சாயங்காலம் தாம்பரம் திரும்பும் பஸ்ஸில் நின்றபடியே போனில் அடித்தேன்.

பிள்ளைகளுக்கு அது ஒரே கொண்டாட்டம். நான் வகுப்புக்குள் நுழையும்போதே "மிஸ், கார்டு! கார்டு!" என்று சத்தம் வரும். ஆயத்தொலை வடிவியல் நடந்துகொண்டிருந்தது. ஒரு புள்ளியைக் கொடுத்து, வரைபடத்தை இரண்டு கோடுகள் பிரிக்கும் கால்பகுதிகளில் அது எதில் இருக்கிறது என்று கேட்பேன். கால்பகுதி நான்கு, அட்டைக்கும் பக்கம் நான்கு. இதைவிடப் பொருத்தமான பாடம் கிடைக்காது என்று எனக்கு நானே மகிழ்ந்துகொண்டேன்.

3. "போன் பொய் சொல்லுமா?"

கோகிலா என்று ஒரு பெண், பதிவேட்டில் பதினேழாம் எண். மூன்றாவது பெஞ்சில் சுவரோரம் உட்காருவாள். கேட்டால் ஒழியப் பேசமாட்டாள். திரையில் அவள் பெயர் பெரும்பாலும் சிவப்பாகவே வந்தது. எப்போதாவது ஒரு பச்சை. முதல் இரண்டு வகுப்புகளில் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நான்காவது வகுப்பில் யாரோ அவளுக்கு 'ரெட் சிக்னல்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஆறாவது வகுப்பு ஒரு வெள்ளிக்கிழமை. ஐந்து கேள்விக்கு ஐந்தும் சிவப்பு.

நான் நிறுத்திக் கேட்டேன். "கோகிலா, எல்லாரும் முன்னேறிட்டாங்க. நீ வீட்ல புக்கைத் தொடுறதே இல்லையா?"

அவள் எழுந்து நின்றாள். "நான் கரெக்டாதான் மிஸ் காட்னேன்."

"போன் பொய் சொல்லுமா?"

வகுப்பு சிரித்தது. நானும் லேசாகச் சிரித்தேன். அவள் அட்டையை மேசை மேல் கவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

திங்கட்கிழமை அவள் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. புதன்கிழமை காலை தனசேகரன் சார் என்னைக் கூப்பிட்டார்.

"அந்தப் பொண்ணோட அம்மா நேத்து சாயங்காலம் ஆபீஸ் ரூமுக்கு வந்துட்டுப் போச்சு மேடம். டி.சி. கேக்குது. செங்கல்பட்டுல சித்தி வீட்ல விட்டு அங்க ஸ்கூல்ல சேக்கப் போறாங்களாம். பொண்ணு இங்க வரமாட்டேன்னு அடம் பிடிக்குதாம்."

"ஏன் சார்?"

"ஏன்னு அந்தம்மா சொல்லல. உங்களுக்குத் தெரியுமா?"

தெரியும் என்று எனக்குத் தோன்றியது.

4. விடைத்தாள்

அன்று முற்பகல், சார் முந்தைய வாரம் வைத்த எழுத்துத் தேர்வின் தாள்களை என்னிடம் திருத்தக் கொடுத்தார். கோகிலாவின் தாளை எடுத்தேன். எட்டுக் கேள்விக்கு எட்டும் சரி. வரைபடத்தில் புள்ளிகளைப் பென்சில் சீவிக் குறித்திருந்தாள். காப்பியடித்திருப்பாளோ என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படி நினைத்ததை இங்கே மறைக்க விரும்பவில்லை. அவளோடு அதே பெஞ்சில் உட்காரும் இரண்டு பெண்களின் தாள்களையும் எடுத்துப் பார்த்தேன். ஒருத்திக்கு எட்டில் மூன்று, இன்னொருத்திக்கு இரண்டு.

அந்த இரண்டு வாங்கியவள் கோகிலவாணி. வகுப்பில் எல்லோரும் வாணி என்பார்கள். திரையில் அவளுக்கு எப்போதும் பச்சை. பதிவேட்டில் பதினெட்டாம் எண்.

கம்பெனியில் ஒரு லாட் பாகங்கள் முழுக்க ரிஜெக்ட் ஆனால் பாகத்தைக் குறை சொல்வதற்கு முன் அளக்கிற கேஜைத்தான் முதலில் சரிபார்ப்போம். ஒன்பது வருடம் தினமும் செய்த வேலை. பள்ளிக்கூடத்தில் அது எனக்கு ஒருநாளும் நினைவுக்கு வரவில்லை. போனைத் திறந்து பட்டியலைப் பார்த்தேன். பதினேழு, கோகிலவாணி. பதினெட்டு, கோகிலா. பஸ்ஸில் நின்றபடி மாற்றி அடித்திருக்கிறேன். ஆறு வகுப்பாகக் கோகிலாவின் விடைகள் வாணியின் பெயரிலும், வாணியின் விடைகள் கோகிலாவின் பெயரிலும் திரையில் வந்திருக்கின்றன.

மதிய உணவு இடைவேளையில் வாணியை மட்டும் வராந்தாவுக்கு அழைத்துக் கேட்டேன். திட்டவில்லை. அவள் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னாள்.

"நான் சும்மா ஏதாவது ஒரு பக்கத்தை மேல வச்சுப் பிடிப்பேன் மிஸ். பச்சையா வந்துச்சு. மொதல்ல லக்குன்னு நெனச்சேன்."

"அப்புறம்?"

"அப்புறம் எங்கப்பா கிட்ட சொல்லிட்டேன் மிஸ். கணக்குல நான்தான் பர்ஸ்ட்டுன்னு."

"சாப்பிடப் போ" என்றேன்.

5. கோகிலா வீடு

தனசேகரன் சாரிடம் நடந்ததை முழுக்கச் சொன்னேன். அவர், "டி.சி. எழுத ரெண்டு நாள் ஆகும்னு ஆபீஸ்ல சொல்லி வைக்கிறேன். இன்னிக்கே வீட்டுக்குப் போய்ட்டு வந்துருங்க" என்றார்.

நாலரை மணிக்குப் போனேன். கடைத்தெருவுக்குப் பின்னால் ஒற்றை அறை வாடகை வீடு. அம்மா ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. அப்போதுதான் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்திருந்தார், கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. நான் யார் என்று சொன்னதும் முகம் மாறியது.

"நீங்கதானா அந்த மிஸ்ஸு? இன்னா மிஸ், எம் பொண்ணை மக்குன்னு எல்லார் முன்னாடியும் சேப்பு லைட்டு போட்டுக் காட்னீங்களாமே? படிக்கலன்னா ரெண்டு அடி அடிங்க, கேக்கமாட்டேன். சினிமா மாரி தெரையில காட்றது இன்னா நாயம்? வூட்டுக்கு வந்து சோறு துண்ணாம உக்காந்துகினு கீது."

"தப்பு என்னோடதும்மா. உங்க பொண்ணு எல்லாத்தையும் சரியாதான் சொல்லியிருக்கா. நான் பேரை மாத்தி ஏத்திட்டேன்."

விடைத்தாளை எடுத்துக் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மதிப்பெண்ணை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு உள்ளே பார்த்து, "ஏய், இங்க வா. மிஸ் இன்னா சொல்றாங்கன்னு கேளு" என்றார்.

கோகிலா கதவருகே வந்து நின்றாள். அவளிடமும் சொன்னேன். மன்னித்துக்கொள் என்றும் சொன்னேன்.

"நான்தான் அன்னிக்கே சொன்னேனே மிஸ்."

"ஆமா. நான்தான் கேக்கல. நாளைக்கு வர்றியா?"

அவள் அம்மாவைப் பார்த்தாள், பிறகு என்னை.

"அன்னிக்கு எல்லாரும் இருக்கும்போது கேட்டீங்க. இதையும் எல்லாரும் இருக்கும்போது சொல்வீங்களா?"

சொல்கிறேன் என்றேன். படப்பையில் பஸ் ஏறி உட்கார்ந்த பிறகுதான் மறுநாள் முதல் பாடவேளை எது என்று நினைவு வந்தது. மதிப்பெண் போடும் கல்லூரிப் பேராசிரியை மேடம் என் வகுப்பைப் பார்க்க வரும் நாள் அது.

அந்தப் பஸ்ஸிலேயே பட்டியலைத் திருத்தினேன். திருத்தும்போதுதான், பெயர்களை மறைத்து எத்தனை பேர் எந்த விடை சொன்னார்கள் என்ற எண்ணிக்கையை மட்டும் காட்டும் வசதி அந்த ஆப்பில் இருப்பதைப் பார்த்தேன். முதல் நாளிலிருந்தே இருந்திருக்கிறது. நான் தேடவில்லை.

6. மேடம் வந்த நாள்

பதினெட்டு ஸ்லைடு தயார் செய்திருந்தேன். மேடம் கடைசி பெஞ்சில் தனசேகரன் சாருக்குப் பக்கத்தில், மதிப்பீட்டுத் தாளோடு உட்கார்ந்திருந்தார். கோகிலா வந்திருந்தாள், அதே சுவரோரம். வேறு நாளில் சொல்லிக்கொள்ளலாமா என்று கரும்பலகையில் தேதி எழுதும்போதுகூட யோசித்தேன். திரும்பியபோது அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாடத்துக்கு முன்னாடி ஒரு விஷயம். ஆறு வகுப்பா கோகிலா பேர்ல வந்த சிவப்பு எதுவும் அவளோடது இல்ல. அவ கிட்டத்தட்ட எல்லாத்துக்கும் சரியாதான் காட்டியிருக்கா. நான் லிஸ்ட்ல தப்பா ஏத்திட்டேன். அவ சொன்னப்போ நான் நம்பல, சிரிச்சேன். அதுவும் தப்பு. மன்னிச்சுக்கோ, கோகிலா."

வாணியின் பெயரை நான் எடுக்கவில்லை. ஆனால் பிள்ளைகளுக்குக் கணக்குப் போட எவ்வளவு நேரம் வேண்டும்? நடு பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது: "மிஸ், அப்ப வாணியோடதுதானே அந்த ரெட்டெல்லாம்?"

இதற்கு நான் தயாராக இல்லை. எல்லாத் தலைகளும் திரும்பின. ஒருத்தியிடம் மன்னிப்புக் கேட்கப்போய் இன்னொருத்தியைப் பிடித்துக் கொடுத்துவிட்டேன். அதற்குள் வாணி எழுந்தாள். முகம் சிவந்திருந்தது.

"ஆமா, என்னோடதுதான். எனக்கு அந்தக் கணக்கு வரல மிஸ். மைனஸ்னா கீழதானே போவணும்? நீங்க சைடுல போறீங்க."

யாரோ சிரித்தார்கள். "சிரிக்காதீங்கடி" என்றாள் கோகிலா. அவள் குரல் அந்த அளவுக்கு உயர்ந்து நான் கேட்டதில்லை.

ஸ்லைடை அப்படியே விட்டுவிட்டு அட்டைகளை எடுக்கச் சொன்னேன். பெயர்களை மறைத்துவிட்டுக் கேட்டேன்: "மைனஸ் மூன்று, ஐந்து. முதல் எண்ணுக்கு எந்தப் பக்கம் நகரணும்? ஏ வலது, பி இடது, சி மேல, டி கீழ." போனைச் சுற்றினேன். திரையில் பெயர் இல்லாமல் நான்கு எண்கள் வந்தன. 'கீழ' என்பதற்கு நேராகப் பதினான்கு.

பதினான்கு பேர். ஆறு வகுப்பாக நான் நன்றாக நடத்துவதாக நினைத்த பாடம்.

பெஞ்சுகளைத் தள்ளித் தரையில் சாக்பீஸால் இரண்டு கோடுகள் போட்டேன். வாணியை நடுவில் நிற்கச் சொல்லி, வகுப்பைத் திசை சொல்லச் சொன்னேன். முதல் எண் இடம் வலம், இரண்டாவது எண் மேலே கீழே. இடது பக்கம் மூன்று அடி வைத்தாள். முன்னால் ஐந்து அடி வைத்தாள். நின்ற இடத்தைக் குனிந்து பார்த்துவிட்டு, "ஓ, ரெண்டாவது நம்பர் மைனஸா இருந்தாதான் கீழயா?" என்றாள். பிறகு வேறு சிலரும் தாங்களாகவே வந்து நடந்தார்கள். மணி அடித்தபோது இரண்டு ஸ்லைடுதான் ஓடியிருந்தது.

வெளியே மேடம் தாளில் எழுதியபடி சொன்னார். "தப்பை ஒத்துக்கிட்டது நல்ல விஷயம்தான்மா. ஆனா அப்சர்வேஷன் அன்னைக்கா செய்வாங்க? லெசன் பிளான்படி எதுவுமே முடியலயே." மதிப்பெண் குறைந்தது. அவர் எழுதியதில் தவறு இல்லை. கையெழுத்துப் போட்டேன்.

7. பிறகு

கோகிலாவின் டி.சி. எழுதப்படவே இல்லை. என் பயிற்சி முடியும்வரை அவள் ஒருநாளும் விடுப்பு எடுக்கவில்லை. என்னிடம் சகஜமாகப் பேசவும் இல்லை. கேட்டதற்குப் பதில் சொல்வாள், அவ்வளவுதான். அது அவள் உரிமை. வாணி அடுத்த தேர்வில் எட்டுக்கு ஐந்து வாங்கினாள். அப்பாவிடம் உண்மையைச் சொன்னாளா என்று நான் கேட்கவில்லை.

இப்போது சேலையூரில் ஒரு பள்ளியில் கணித ஆசிரியையாக இருக்கிறேன். இன்றும் அட்டைகளைப் பயன்படுத்துகிறேன். திரையில் பெயர் வராது. முதலில் எப்போதும் ஒரு சுலபமான கேள்வி; ஒவ்வொருவராக எழுந்து அட்டையைக் காட்ட, என் போனில் அவர் பெயர்தான் வருகிறதா என்று பார்ப்பேன். அது பிள்ளைகளுக்கு அல்ல, பட்டியல் சரியாக இருக்கிறதா என்று நான் பார்த்துக்கொள்ள. ஒரு பிள்ளை "நான் கரெக்டாதான் காட்னேன்" என்று சொன்னால் வகுப்பை நிறுத்திவிட்டுப் பார்க்கிறேன். பாதி நேரம் பிள்ளைதான் அட்டையைத் திருப்பிப் பிடித்திருக்கும். இருந்தாலும் பார்க்கிறேன்.

பயிற்சிக்குப் போகிறவர்களிடம் இதைச் சொன்னால், கோகிலாவுக்குச் செய்த அநியாயம்தான் எல்லோர் மனதிலும் நிற்கிறது. எனக்கும் வெகுநாள் அப்படித்தான். ஆனால் கோகிலாவுக்குக் கணக்குத் தெரியும். சிவப்பைப் பார்த்ததால் திட்டவாவது அவள் பக்கம் திரும்பினேன். பாடம் புரியாமல் அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்த வாணியின் பக்கம் ஆறு வகுப்பிலும் நான் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. அவள் பெயர் பச்சையாக இருந்தது.