மஹ்மூதின் புடவைக் கண்காட்சி

எருக்கலம்பிட்டி அபூசாலிக்குக் கடை கிடையாது. தோளில் ஒரு புடவை மூட்டை, கையில் துணி அளக்கிற ஒரு யார் கோல், அவ்வளவுதான். மன்னார்த் தீவில் பேசாலை வரைக்கும், அக்கரையில் முசலிப் பக்கம் மறிச்சுக்கட்டி வரைக்கும் முப்பது வருடமாக நடந்து விற்றவர். துணியின் முனையை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து உரசிப் பார்த்து, எந்த ஊர்த் தறி, எத்தனை சலவை தாங்கும் என்று சொல்லிவிடுவார். அந்த விரல்களை விட அவருடைய நாக்குத்தான் பேர்போனது. மற்றவன் விற்ற துணி எதுவும் அவர் கண்ணுக்குத் துணியாகத் தெரிந்ததே இல்லை. கலியாண வீட்டில் மாப்பிள்ளையின் சால்வையைத் தொட்டுப் பார்த்து, மா அரிக்க நல்லது என்பார். புதுச் சாரம் உடுத்து வருகிறவனிடம், மழைக்கு முன் வீடு போய்ச் சேரும்படி புத்தி சொல்வார். கேட்டவர்கள் சிரிப்பார்கள். ஏச்சு வாங்கியவனும் அடுத்த பெருநாளுக்கு அவரிடமே துணி எடுப்பான். ஊரார் சரக்கையெல்லாம் இப்படித் தூற்றுகிறவன் தன் மூட்டையில் சொத்தையை வைத்திருக்க மாட்டான் என்று சனங்கள் நம்பினார்கள்.

கீரிக் கிராமத்து அமிர்தநாயகம் அதை எல்லாரையும் விடக் கூடுதலாக நம்பினார். அவர் வள்ளம் வைத்துத் தொழில் செய்கிறவர். ஒரு சோளகக் காற்றுக் காலத்தில் அரிப்புத் துறையிலிருந்து அபூசாலியை வள்ளத்தில் ஏற்றி வந்தபோது மூட்டை தொப்பலாக நனைந்துபோயிற்று. அபூசாலி கடலை ஏசினார், காற்றை ஏசினார், கடைசியில் வள்ளத்தின் பாயைத் தடவிப் பார்த்து அதையும் ஏசினார். அமிர்தநாயகம் சுக்கானைப் பிடித்துக்கொண்டு வயிறு குலுங்கச் சிரித்தார். அன்று பிடித்த சிநேகம் இருபது வருடமாகியும் விடவில்லை. அபூசாலி கீரிக்கு வந்தால் அமிர்தநாயகம் வலை வேலையை விட்டுவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார்.

ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்தைந்தாம் வருடம் தை மாதம் முருங்கனிலிருந்து ஒரு நோட்டீஸ் வந்தது. யாழ்ப்பாணத்தில் அச்சடித்த சிவப்புக் கடதாசி. முருங்கன் சந்தியில் மாபெரும் புடவைக் கண்காட்சி, அரிய பழம் பட்டுகள், அனைவரும் வருக என்று போட்டு, கீழே அபூசாலியின் தங்கை ஸுஹறாவின் புருஷன் மஹ்மூதின் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. இந்த மஹ்மூது நான்கு வருடம் அபூசாலியின் பின்னால் மூட்டை சுமந்து நடந்தவன். தங்கையைக் கட்டிக்கொடுத்ததும் முருங்கனில் கடை போட்டான். நெல்லுக் காசு புழங்கும் சந்தியில் கடை நன்றாகப் பிடித்துவிட்டது. அதை அபூசாலி ஒருநாளும் மன்னிக்கவில்லை. வெயிலில் நடக்காமல் நிழலில் உட்கார்ந்து துணி விற்கிறவன் வியாபாரி இல்லை, கடையில் கிடக்கும் இன்னொரு கட்டுத்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

நோட்டீஸோடு ஸுஹறா தமையனுக்கு ஒரு சேதியும் அனுப்பியிருந்தாள். நானா கட்டாயம் வர வேண்டும், வந்தால் வாயைத் திறக்காமல் இருக்க வேண்டும். அபூசாலி நேரே கீரிக்குப் போய் அமிர்தநாயகத்திடம் நோட்டீஸை நீட்டினார். ஒரு பகல் சிரித்துவிட்டு வரலாம், துணைக்கு வாரும் என்றார்.

காலை ரயிலில் இருவரும் மன்னாரில் ஏறினார்கள். அமிர்தநாயகம் ஸுஹறாவுக்குக் கொடுக்கப் பனையோலைப் பெட்டியில் பாரைக் கருவாடு கொண்டுவந்திருந்தார். அபூசாலி வெறுங்கையோடு வந்தார். ரயில் கடலைத் தாண்டிப் பெருநிலத்தில் ஓடும்போது எதிரே இருந்தவர்களின் உடுப்பை ஒவ்வொன்றாக எடுத்து, இது எத்தனை மாதத்துக்கு, அது எந்தச் சாக்குக்குத் தம்பி என்று காதில் சொல்லிக்கொண்டே வந்தார். அமிர்தநாயகம் சால்வையால் வாயைப் பொத்திச் சிரித்தார்.

கண்காட்சி வைத்திருந்தது ஒரு நெல்லுக் கிட்டங்கியில். அறுவடைக்கு இன்னும் நாள் இருந்ததால் கிட்டங்கி வெறுமையாகக் கிடந்தது. கூட்டிக் கழுவி, சுவரெல்லாம் கயிறு கட்டித் துணியைத் தொங்கவிட்டிருந்தான் மஹ்மூது. ஆனாலும் உமித் தூசி போகவில்லை. உள்ளே வந்தவர்கள் பட்டைப் பார்ப்பதும் தும்முவதுமாக இருந்தார்கள். வாசலில் மஹ்மூது நின்றான். கறுப்புக் கோட்டு, சிவப்புத் துருக்கித் தொப்பி. அந்தக் கோட்டை அபூசாலி எட்ட நின்றே எடைபோட்டுவிட்டார்: கக்கத்தில் பிடிக்கிறது, இரவல் வாங்கியது.

உள்ளே போகப் போக அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒவ்வொரு துணிக்கும் ஒரு கடதாசி மட்டை எழுதிக் குத்தியிருந்தது. மதுரைச் சாயச் சாரத்துக்கு அரபு நாட்டுச் சாரம் என்று பெயர். தூத்துக்குடியில் குவிந்து கிடக்கும் துவாய்க்கு எகிப்துப் பருத்தி என்று பெயர். அபூசாலி ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று உண்மைப் பெயரை அமிர்தநாயகத்துக்குச் சொன்னார். மெதுவாகச் சொல்லவுமில்லை. பின்னால் நாலைந்து வயற்காரர் சேர்ந்துகொண்டு மட்டையை விட்டுவிட்டு இவர் வாயைப் பார்க்கத் தொடங்கினார்கள். கிட்டங்கியின் பின் தட்டி மறைவில் ஸுஹறா நிற்பது அவருக்குத் தெரியும். அவளுடைய வளையல் இரண்டு தரம் சத்தமிட்டது. அவர் கேளாதவர் போல நடந்தார்.

நடுவில் கண்ணாடிப் பெட்டி ஒன்று. அதற்குள் மாம்பழ நிறத்தில் பூப்போட்ட பட்டு ஒன்றை மடித்து வைத்திருந்தார்கள். கண்டி ராசா மஹ்மூதின் மூதாதை ஒருவருக்குப் பரிசளித்த பட்டு என்று மட்டை சொன்னது. மஹ்மூதின் வாப்பாவும் வாப்பாவின் வாப்பாவும் கருவாடு கட்டி விற்றவர்கள். அதற்கு முந்தியவர்கள் யாரென்று மஹ்மூதுக்கே தெரியாது. அபூசாலி அந்தப் பட்டைப் பார்த்த மாத்திரத்தில் அறிந்துகொண்டார். சிரிப்பு வந்த வேகத்தில் அவருக்கு இருமல் வந்துவிட்டது.

அந்த நேரம் வெளியே ஒரு மோட்டார் கார் வந்து நின்றது. கட்டுக்கரைக் குளத்தில் தாரா சுட வந்திருந்த ஒரு தேயிலைத் தோட்டத் துரையும் துரைசானியும் இறங்கினார்கள். துரை வாசலோடு நின்று சுருட்டுப் பற்றவைத்தார். துரைசானி உள்ளே வந்தாள். சந்திப் பள்ளிக்கூட வாத்தியார் சிங்கராசா மொழிபெயர்க்க ஓடிவந்தார். மஹ்மூது தொப்பியைச் சரிசெய்துகொண்டு அவளைக் கண்ணாடிப் பெட்டிக்குக் கூட்டிவந்தான். ராசா, யானை, பல்லக்கு, மூதாதை என்று அவன் அளக்க அளக்க வாத்தியார் வியர்த்து வழிந்து இங்கிலீசில் சொன்னார். துரைசானி குனிந்து பார்த்து அழகாயிருக்கிறது என்றாள்.

அபூசாலியால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. சனத்தை விலக்கிக்கொண்டு போய்ப் பெட்டியைத் திறந்தார். மடியில் எப்போதும் வைத்திருக்கும் சின்னக் கத்தரியை எடுத்தார். பட்டைப் புரட்டி, ஒரு மூலையில் இரண்டு விரல் அகலத்துக்கு மடித்துத் தைத்திருந்த இடத்தைத் தேடவே இல்லாமல் நேரே பிடித்து, தையலை அறுத்துப் பிரித்தார். மடிப்புக்குள் பொன் எழுத்து இருந்தது. அபூசாலிக்கு இங்கிலீசு தெரியாது, ஆனால் அந்த எழுத்தின் கோலம் தெரியும்.

"வாத்தியார், வாசியுங்கோ. கண்டி ராசாவின்ர பேரைக் கேப்பம்" என்றார்.

வாத்தியார் வாசிக்கத் தயங்கினார். துரைசானியே வாசித்தாள். யப்பானில் செய்தது.

கிட்டங்கி கொல்லென்று சிரித்தது. துரைசானியும் சிரித்தாள். அபூசாலி கத்தரியை மடியில் செருகிக்கொண்டு மஹ்மூதின் முகத்தைப் பார்த்தார். இந்த ஒரு பார்வைக்காகத்தான் அவர் பத்து வருடம் காத்திருந்தார். ஆனால் மஹ்மூதின் முகம் கறுக்கவில்லை. அவன் துணியின் பிரிந்த மூலையை எடுத்து நீவிவிட்டு, யாருக்கோ சாமான் எடுத்துக் கொடுப்பவனைப் போல அமைதியாகப் பேசினான்.

"ஓம் மச்சான், யப்பான்தான். எழுத்தை உள்ளுக்க மடிச்சுத் தைக்க எனக்குப் பழக்கினது ஆர்? சிலாவத்துறையில முத்துக்குளிப்பு நடந்த வருசம், ஆலமரத்துக்குக் கீழ இருந்து, நீங்கள் ஊசியில நூல் கோத்துத் தந்தீங்கள். அந்தக் கட்டில மூண்டு பட்டு இருந்தது. ரெண்டை நீங்கள் காசிப் பட்டெண்டு வித்தீங்கள். மிஞ்சினது இது."

சிரித்தவர்கள் இப்போது அபூசாலியைப் பார்த்தார்கள். அதில் ஒருவன், அதுதான் மனுசன் தேடாமலே தையலைப் பிடிச்சவர் என்றான். மறுபடியும் சிரிப்பு எழுந்தது. முதலில் எழுந்ததை விட அது பெரிது.

துரைசானிக்கு வாத்தியார் எல்லாவற்றையும் சொன்னார். அவளுக்கு ராசா இல்லாமல் போனதில் கவலை இல்லை. நிறம் பிடித்துவிட்டது, பங்களா யன்னலுக்குத் திரை தைக்கலாம் என்று பட்டைக் கட்டச் சொன்னாள். மஹ்மூது கட்டிக் கொடுத்தான்.

அபூசாலி அதையெல்லாம் பார்க்கவில்லை. அவர் அமிர்தநாயகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அமிர்தநாயகம் கருவாட்டுப் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றார்.

"கிறேஸின்ர கூறை?" என்று கேட்டார்.

அவருடைய ஒரே மகள் கிறேஸின் கலியாணத்துக்கு அபூசாலிதான் கூறை எடுத்துக் கொடுத்திருந்தார். தலைமன்னாரில் இறங்கிய அசல் காசிப் பட்டு என்று சொல்லி, அமிர்தநாயகம் என்றபடியால் கொடுக்கிறேன் என்றும் சொல்லியிருந்தார். இப்போது பொய் சொல்ல அவருக்கு நாக்கு வரவில்லை. அதுவும் அந்தக் கட்டில் வந்ததுதான் என்றார்.

அமிர்தநாயகம் கருவாட்டைத் தட்டிக்குப் பின்னால் கொண்டுபோய் ஸுஹறாவிடம் கொடுத்துவிட்டு வந்தார். சாப்பிட்டுப் போகச் சொல்லி அவள் இரண்டு பேரையும் மறித்தாள். இருவரும் சாப்பிட்டார்கள். பின்னேர ரயிலில் அமிர்தநாயகம் யன்னல் பக்கம் திரும்பி இருந்தார். எதிரே சரிகை வைத்த சட்டையோடு ஒருவன் உட்கார்ந்திருந்தான். மட்டமான சரிகை. அபூசாலி அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. மன்னாரில் இறங்கும்போது அமிர்தநாயகம் சொன்னது இவ்வளவுதான்:

"நாளைக்குப் பின்னேரம் கீரிக்கு வாரும். பிள்ளையிட்ட நீரே சொல்லும்."

அபூசாலி போனார். போகாமல் விட்டால் கீரிப் பக்கம் இனிக் கால் வைக்க முடியாது என்பது அவருக்குத் தெரியும். கலியாணத்துக்குப் பிறகும் தகப்பன் வீட்டிலேயே இருந்த கிறேஸ் கதிரை எடுத்துப் போட்டாள். அவர் உட்காராமல் நின்றே சொன்னார். சொல்லும்போது யப்பான் பட்டும் லேசுப்பட்ட துணி இல்லை என்று ஒரு வார்த்தை இடையில் சேர்த்தார். அவள் முழுக்கக் கேட்டாள்.

"எனக்குத் தெரியும் நானா. முதல் தோய்ச்சலிலேயே தையல் விட்டுட்டுது. நான் கொன்வென்ற்றில படிச்சனான், வாசிக்கத் தெரியும்."

அப்படியென்றால் ஏன் சொல்லவில்லை என்று அமிர்தநாயகம்தான் கேட்டார். அவள் தகப்பனைப் பார்த்து, உங்களுக்குச் சிரிச்சுக் கதைக்க வேறு ஆர் இருக்கினம் என்றாள். பிறகு அபூசாலியின் பக்கம் திரும்பினாள்.

"நீங்கள் இங்க இருந்து ஊரார் துணியை நக்கலடிக்கேக்க, குசினிக்குள்ள நாங்கள் உங்களை நினைச்சுச் சிரிக்கிறனாங்கள். எட்டு வருசமாச் சிரிக்கிறம். பக்கத்து வீட்டு மாக்கிறட் மாமிக்கும் தெரியும்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. பானையில் இத்தனை கொத்து அரிசி இருக்கிறது என்று சொல்வதைப் போலச் சொன்னாள். அபூசாலி கதிரையில் உட்கார்ந்தார். அவள் தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவர் குடித்தார்.

அதன் பிறகும் அவர் மூட்டை தூக்கினார். கீரிக்கும் போனார். அமிர்தநாயகம் முன்போலவே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார், மீனும் கொடுத்துவிட்டார், ஆனால் சிரிப்பது மட்டும் நின்றுபோயிற்று. கேட்க ஆள் இல்லாமல் அபூசாலியின் நக்கலும் சுருங்கிக்கொண்டு வந்தது. யுத்தம் வந்து துணிக்குப் பங்கீட்டுக் கூப்பன் போட்டதோடு மூட்டை வியாபாரம் முற்றாகப் படுத்தது. கடைக்காரனுக்குத்தான் சரக்குக் கிடைத்தது. ஸுஹறா தானே எருக்கலம்பிட்டிக்கு வந்து நானாவைக் கூட்டிக்கொண்டு போனாள். வெயிலில் நடக்காதவன் வியாபாரி இல்லை என்ற மனுசன் மஹ்மூதின் கடையில் நிழலில் உட்கார்ந்து துணி அளந்தார்.

அங்கே நாக்கு அவருக்குத் திரும்பி வந்தது. கடைச் சரக்கைக் கடைக்குள் இருந்தே தூற்றினார். மஹ்மூது தடுக்கவில்லை. தன் கடைத் துணியையே குறை சொல்கிறவரைக் கண்டால் சனங்களுக்கு நம்பிக்கை வருகிறது, கூப்பனை நீட்டுகிறார்கள் என்று அவன் கண்டுபிடித்திருந்தான்.

ஒருநாள் அமிர்தநாயகம் பேத்திக்குச் சட்டைத் துணி எடுக்க வந்தார். நீலப் பூப்போட்ட சீத்தைத் துணி ஒன்றைக் கையில் எடுத்தார். அபூசாலி அதை உரசிப் பார்த்துவிட்டு, இது ரெண்டு தோய்ச்சல் தாங்காது, எடுக்க வேண்டாம் என்றார். அமிர்தநாயகம் அவரை ஒருகணம் பார்த்தார். பிறகு கூப்பனை மஹ்மூதிடம் கொடுத்து, நாலு யார் துணி வெட்டச் சொன்னார்.

அபூசாலி அந்த முறை சொன்னது உண்மை. இரண்டாம் தோய்ச்சலில் துணி வலை வலையாகப் போயிற்று. அமிர்தநாயகம் அதை அவரிடம் ஒருநாளும் சொல்லவில்லை.