குதிகால் படாத தடம்

சான்றில்லாத எந்தக் கூற்றையும் ஏற்பதில்லை என்று இன்று மேடைதோறும் முழங்குகிற நான், பத்து வயதில் ஒரு பேயை நம்பினேன். நம்பியதோடு நிற்காமல் அதனிடம் ஆட்டமும் கற்றேன். நியாயம் கேட்டால் ஒன்று சொல்வேன்: அன்று என் கையிலிருந்த சான்றுகள் வலுவானவை. என் கண்ணால் கண்டவை. என் காலால் அளந்தவை.

அப்பாவின் தங்கையான என் அத்தை, திண்டிவனத்தில் நான் படித்த பள்ளியின் இசை ஆசிரியை. விழுப்புரத்தில் ஆண்டுதோறும் நடக்கும் பள்ளி இசை நாடகப் போட்டிக்கு மாணவிகளைப் பயிற்றுவிப்பது அவர் பொறுப்பு. பாட்டைத் தனியே, ஆட்டத்தைத் தனியே கற்றுக்கொடுத்துப் பிறகு இரண்டையும் ஒட்டவைக்கிற வழக்கம் அவரிடம் கிடையாது. முதல் நாளே கயிறு தாண்டிக்கொண்டு பாடச் சொன்னார். மூச்சு வாங்கி நின்றவர்களைப் பார்த்து, "குதிச்சிக்கினே பாடுங்கடி. மேடைல உக்காந்து பாடறதுக்கு நீங்க என்ன கச்சேரியா பண்ணப் போறீங்க?" என்றார்.

பயிற்சி நடந்தது, மரக்காணம் சாலையில் வியாபாரம் நின்றுபோயிருந்த ஒரு மல்லாட்டைக் கிடங்கில். வேர்க்கடலை மூட்டைகள் போன பின்னும் அவற்றின் எண்ணெய் வாடை போகவில்லை. சனி, ஞாயிறுகளில் காலையிலேயே அத்தை அந்தத் தரை முழுக்கச் சல்லடையால் கோலமாவைச் சலித்துவிடுவார். அதன் மேல்தான் நாங்கள் எட்டுப் பேரும் ஆட வேண்டும். ஆடி முடித்ததும் எங்களைச் சுவரோரம் நிறுத்திவிட்டு அவர் தரையைப் படிப்பார். தாளம் தப்பியவள் யார், பயந்து பின்வாங்கியவள் யார், பக்கத்தில் நின்றவளைப் பார்த்து ஆடியவள் யார் என்பதெல்லாம் மாவில் எழுதியிருக்கும். "இது இன்னா, மாடு தண்ணி குடிக்கப் போன தடமா?" என்று அவர் கேட்டால், அநேகமாக அது என் தடமாகத்தான் இருக்கும்.

அவர் மட்டும் மாவில் கால் வைக்கமாட்டார். ஓரத்தில் நாற்காலி போட்டு, செருப்பைக் கழற்றாமல் அமர்ந்து, கழியால் பலகையைத் தட்டிக்கொண்டிருப்பார். வீட்டுக்குள்ளும் செருப்போடு நடக்கிறவர் எங்கள் குடும்பத்தில் அவர் ஒருவரே. இடது செருப்பின் அடிப்பாகம் தடித்திருக்கும். பிறந்தது முதல் கண்ணெதிரே இருந்த அதை நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

அந்த ஆண்டு நாடகத்தில் ஏரி ஒன்று பெண்ணுருக்கொண்டு நீதிமன்றம் ஏறி, தன் கரைகளைத் திருடியவர்கள் மீது வழக்குத் தொடுக்கிறது. ஏரியாக வருபவள் பாடியபடியே ஆடி, ஆடியபடியே வாதாட வேண்டும். எனக்காகவே எழுதப்பட்ட வேடம் அது என்று நான் முடிவு செய்திருந்தேன். குரல் இருந்தது, வாய் இருந்தது, கால்தான் இல்லை. இறுதிப் பாட்டில் ஆறு அடிகளில் முழுவட்டம் சுழன்று நிற்கிற இடத்தில் ஒவ்வொரு முறையும் ஏழாவது அடி வைத்தேன். பெருமுக்கல்லிலிருந்து பேருந்தில் வரும் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி அதே ஆறு அடிகளைக் கண்ணை மூடிக்கொண்டு ஆடினாள். மாத இறுதி ஞாயிறன்று தரையைப் பார்த்தே ஏரியைத் தேர்ந்தெடுப்பேன் என்று அத்தை அறிவித்துவிட்டார். அந்த வேடம் கிடைக்காவிட்டால் உயிரோடு இருப்பதில் பயனில்லை என்பது என் கருத்து.

கிடங்கின் கதையை எங்களுக்குச் சொன்னவளும் அந்தப் பெருமுக்கல் பெண்தான். மதியச் சாப்பாட்டுக்கு எங்களை வெளியே வேப்பமர நிழலில் உட்கார வைத்துவிட்டு, அத்தை முன்கதவைப் பூட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் வீட்டுக்குப் போய்விடுவார். பூட்டிய கிடங்கு வெயிலில் முறுமுறுத்துக்கொண்டு நிற்கும்.

"உச்சி வேளைல உள்ள ஒருத்தி ஆடுவா. எங்க ஆயா சொல்லிச்சு."

"பொய்யி. நீ பாத்தியா?" என்றேன் நான்.

"நீ போய்ப் பாரேன், வக்கீலம்மா. கால மட்டும் பாரு. அதுக்குக் குதிகால் தரையில படாது."

பேயைப் பார்ப்பதற்காக நான் உள்ளே போகவில்லை. ஏழாவது அடியைக் கொல்லத்தான் போனேன். பக்கச் சுவரின் சன்னலில் ஒரு கம்பி இல்லை. என் உடம்புக்கு அந்த இடைவெளி போதும். சாப்பாட்டு நேரம் முடிய அரை மணி இருக்கையில், கை கழுவப் போவதாகச் சொல்லிவிட்டு உள்ளே இறங்கினேன்.

காலையில் நாங்கள் மிதித்துக் கலைத்த தரை அங்கே இல்லை. புதிதாகச் சலித்த மாவு, பால் உறைந்தது போல வெள்ளையாகப் பரவியிருந்தது. அதன் மேல் ஒரே ஒருவருடைய தடங்கள். நடுவில் தொடங்கி, விரிந்து, சுழன்று, எங்கள் இறுதிப் பாட்டின் ஒவ்வொரு அடியும் தப்பாமல் பதிந்திருந்தது. ஆறு அடிகளில் முழுவட்டம், ஏழாவது இல்லை. வலது காலின் தடம் முழுமையாக இருந்தது. இடது காலில் ஐந்து விரல்களும் முன்பாதமும் மட்டும் இருந்தன. குதிகால் இல்லை.

எங்கோ பின்புறம் தண்ணீர் சொட்டுகிற ஓசை கேட்டது. பிறகு அதுவும் நின்றது. வந்த வழியே எப்படி வெளியேறினேன் என்பது நினைவில்லை. முழங்கையில் சிராய்ப்பு மட்டும் இருந்தது. பகல் வெயிலில் பற்கள் அடித்துக்கொள்ளும் என்பதை அன்று அறிந்தேன். அரை மணி கழித்து அத்தை முன்கதவைத் திறந்தபோது தரை மீண்டும் வெறும் வெள்ளையாக இருந்தது. ஒரு தடமும் இல்லை.

அச்சத்தை விட ஆசை பெரிது என்பதற்கு நானே சான்று. மறுநாளும் இறங்கினேன். தடங்கள் காத்திருந்தன. என் கால்களைத் தூக்கி அவற்றின் மேல் ஒவ்வொன்றாக வைத்தேன். எட்டவில்லை, தாவித்தான் வைக்க முடிந்தது. ஆனாலும் என் உடம்பு முதன்முறையாக ஆறாவது அடியில் நின்றது. கடனாளியாக இருக்க விரும்பாமல், பாவாடையில் முடிந்து வைத்திருந்த வறுத்த மல்லாட்டையில் ஒரு பிடி எடுத்து, நடுத்தரையில் குவித்து வைத்துவிட்டு வந்தேன்.

பிற்பகல் பயிற்சியில் அந்தக் குவியலைக் காணவில்லை. அடுத்த சனிக்கிழமை இறங்கியபோது அது மறுபடி அதே இடத்தில் இருந்தது. ஒரு பருப்பும் குறையவில்லை. தடங்கள் மட்டும் அதை மிதிக்காமல் சுற்றி வளைந்து போயிருந்தன. வேறொரு மாற்றமும் கண்டேன். அடிக்கும் அடிக்கும் இடையே தூரம் குறைந்திருந்தது. தாவ வேண்டியிருக்கவில்லை. மறுநாள் இன்னும் குறைந்து, என் காலுக்கு அளவெடுத்தது போல் இருந்தது. பேய் என் உயரத்துக்குச் சுருங்கிக்கொண்டு வருகிறது என்று எண்ணி, உச்சந்தலை முதல் சில்லிட்டுப் போனேன். ஆனாலும் தடத்தை விட்டுக் காலை எடுக்கவில்லை.

தேர்வு நாளன்று ஒவ்வொருத்தியும் தனித்தனியே புது மாவில் ஆடினோம். என் முறை முடிந்ததும் அத்தை எழுந்து வந்து தரையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். கழியின் தட்டல் நின்றிருந்தது.

"இதுக்கு எடது குதிகாலே இல்ல, மிஸ்," என்று பெருமுக்கல் பெண் சிரித்தாள்.

அத்தை சிரிக்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. "இவதான் ஏரி," என்றார்.

"அத்தைன்னா சும்மாவா?" என்று எவளோ முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. அத்தையின் காதிலும் விழுந்திருக்கும்.

அதன்பின் போட்டி வரையிலான இரண்டு வாரமும் அவர் என்னைப் படுத்தியது சொல்லி முடியாது. "குதிகால ஊனுடி. உனுக்கு நல்ல காலு. நல்லா ஊனு." நான் ஊன்றினேன், ஊன்றியதும் ஏழாவது அடி திரும்பி வந்தது. தூக்கினால் ஆறு. கடைசியில் ஒரு நாள் கழியைக் கீழே போட்டுவிட்டு, "உடு. அப்டியே ஆடு. என்னா பண்றது," என்றார். தேர்வுக்குப் பிறகு மதியங்களில் தடங்கள் தோன்றுவதும் நின்றுபோயிற்று. பேய் தரையில் இல்லையென்றால் எங்கே போயிற்று என்ற கேள்விக்கு என்னிடம் ஒரே விடைதான் இருந்தது: என் இடது காலுக்குள். இரவில் படுக்கும்போது அந்தக் காலை மட்டும் போர்வைக்கு வெளியே வைத்துப் படுத்தேன்.

விழுப்புரத்து மேடையில் ஆறு அடிகளும் பிழையின்றி விழுந்தன. பாட்டு முடிந்து நாங்கள் வணங்கி நின்றபோது, நடுவர்களில் முதியவர் ஒலிவாங்கியை வாங்கினார்.

"நல்லா பாடுனம்மா. ஆனா ஆட்டம் முழுக்க எடது குதிகால தூக்கிக்கினே இருந்தியே, அது ஏன்? சொல்லிக்குடுக்கலையா?"

மேடைப்படியோரம் அத்தை நிற்பது தெரிந்தது. பேய் என்று சொல்ல முடியாது. தெரியாது என்று சொல்வது என் பழக்கமில்லை. ஒலிவாங்கியை இழுத்துக்கொண்டு, மேடைத் தமிழில் சொன்னேன்: "ஐயா, இந்த ஏரிக்கு ஒரு மதகு உடைந்திருக்கிறது. உடைந்ததை யாரும் சரிசெய்யவில்லை. அது உடைந்திருக்கிறது என்பதைக்கூட யாரும் பார்க்கவில்லை. அப்படிப்பட்ட ஏரி வேறு எப்படி ஐயா நடக்கும்?"

அரங்கம் அதிரக் கைதட்டியது. என் வாழ்வின் முதல் கைதட்டல் அது. இன்றுவரை அதற்கு இணையாக ஒன்று கிடைத்ததில்லை.

முதல் பரிசை வாங்கப் பயிற்றுநரை அழைத்தார்கள். மேடைப்படியில் எல்லோரும் செய்வது போல அத்தையும் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஏறினார். வெறுங்காலோடு அவரை நான் பார்த்தது அதுவே முதல் முறை. வலது கால் முழுதாகத் தரையில் படிந்தது. இடது காலின் முன்பாதம் மட்டும் பட்டது. குதிகால், விரற்கடை உயரத்தில், தரையைத் தொடாமலே வந்தது.

என் காலில் இருந்தது அத்தைக்குத் தாவிவிட்டது என்று உறுதியாக எண்ணினேன். அவர் நேராக என்னிடம் வந்தார். முகம் நனைந்திருந்தது. இரண்டு கைகளையும் நீட்டினார். நான் பெருமுக்கல் பெண்ணின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். நீட்டிய கைகள் சற்று நேரம் அப்படியே இருந்தன. பிறகு அவை கோப்பையை வாங்கிக்கொண்டன.

துணைக்கு வந்திருந்த அப்பா, திரும்பும் வேனில் ஓட்டுநர் பக்கத்தில் அமர்ந்திருந்தார். கூட்டேரிப்பட்டு அருகே வந்ததும் தாழ்ந்த குரலில் அவரிடம் சொன்னார்: "இங்கதாங்க வேன் கவுந்துச்சு. என் தங்கச்சி பன்னெண்டாவது படிக்கசொல்ல, இதே போட்டிக்கு ஆடப் போய்க்கினு இருந்துது. அன்னைக்குப் போன குதிகாலுங்க. அதுக்கப்புறம் ஒருத்தர் எதிர்லயும் ஆடுனதில்ல."

ஒவ்வொரு சொல்லும் என் காதில் விழுந்தது. கிடங்கின் பின்புறம் கால் கழுவும் இடத்துக்கு ஒரு கதவு உண்டென்பதும், அதன் சாவி அத்தையின் கொத்தில் தொங்கியதென்பதும் எனக்கு முன்பே தெரியும். எல்லாம் தெரிந்திருந்தும் அவற்றை ஒன்றோடொன்று சேர்க்க எனக்குத் தெரியவில்லை.

அத்தை சன்னலோரம் கண்களை மூடி அமர்ந்திருந்தார். புறப்படும்போது, பக்கத்து இருக்கையில் யாரும் உட்காராதபடி தம் கைப்பையை வைத்திருந்தார். நான் வேனில் ஏறியதும் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நான் அவரைத் தாண்டிப் போய் அப்பாவுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். திண்டிவனம் வரை அந்த இடம் காலியாகவே வந்தது. அதில் பேய் உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்து, வழி நெடுக அதையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.