முனை போச்சு

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைகளுக்குப் பிசிறு நீக்குவது என் வேலை. சூளைக்குப் போகும் முன், அச்சு விட்ட பிசிறைச் சின்னக் கத்தியால் சீவ வேண்டும். கத்தி முனை உடைந்தால், உடைத்தவரே "முனை போச்சு" என்று சத்தம் போட வேண்டும். மேசையில் எல்லோரும் கையை நிறுத்திவிடுவோம். தேடி எடுத்து "முனை கிடைச்சுடுச்சு" என்று சொன்ன பிறகுதான் மறுபடி வேலை. முனையோடு வெந்த பொம்மை கறை பிடித்து விரிசல் விடும். நானே எத்தனையோ தடவை சத்தம் போட்டிருக்கிறேன். யாரும் என்னைக் கடித்துத் தின்றுவிடவில்லை.

போன வருஷம் கடைவாய்ப் பல்லுக்கு வேர் சிகிச்சை செய்துகொண்டேன். டாக்டர் ஊசி போன்ற கம்பியைப் பல்லுக்குள் விட்டுச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். திடீரென்று அவர் கை நின்றது. உதவிக்கு நின்ற பெண்ணைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்லீங்க, வாயைத் தொறந்தே வையிங்க" என்றார். அடைத்து, மேலே உறையும் மாட்டி அனுப்பிவிட்டார்.

வலி நிற்கவில்லை. மூன்று தடவை போனேன், மூன்று தடவையும் மாத்திரைதான். "ஒங்களுக்குப் பயம் ஜாஸ்திங்க" என்று சிரிப்பு வேறு. ஈறு வீங்கிச் சீழ் வைத்ததும் சேத்தியாத்தோப்பில் ஒரு டாக்டரம்மாவிடம் போனேன். எக்ஸ்ரேயில் வேருக்குள் வெள்ளையாக ஒரு துண்டு தெரிந்தது.

"கம்பி ஒடைஞ்சி உள்ளயே இருக்குதுங்க. ஒங்ககிட்ட சொல்லலையா?"

"இல்லீங்க."

"ஒடையறது யார் கையிலயும் நடக்கும். எடுக்காம வுட்டாலும் சில பல்லு நல்லாவே இருக்கும். ஆனா சொல்லிட்டு, அப்பப்ப படம் எடுத்துப் பாத்திருக்கணும். இப்ப எலும்பு வரைக்கும் சீழ் போயிடுச்சி. பல்லைக் காப்பாத்த முடியாதுங்க."

களிமண் பொம்மைக்குக் கிடைக்கிற மரியாதைகூட என் வாய்க்குக் கிடைக்கவில்லை. பயம் எனக்கா ஜாஸ்தி? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர் அவர்.

பிடுங்கிய பல்லைக் கேட்டு வாங்கிக் காகிதத்தில் மடித்துக்கொண்டேன். மறுநாள் பழைய டாக்டரிடம் போய், என் முறை வந்ததும் அவர் மேசைமேல் பிரித்து வைத்தேன். வேர் நுனியில் கம்பி மினுங்கியது.

"சொன்னா பயந்துடுவீங்கன்னுதான்..." என்று இழுத்தார்.

"ஒடைச்சதுக்கு நான் சண்டைக்கு வரலீங்க" என்றேன். பிறகு வாசலில் காத்திருந்தவர்களுக்கும் கேட்கும்படி, எங்கள் மேசையில் போடுகிற அதே சத்தத்தைப் போட்டேன்.

"முனை கிடைச்சுடுச்சு!"

தட்டில் கம்பிகளை அடுக்கிக்கொண்டிருந்த அந்தப் பெண்ணின் கை அப்படியே நின்றது.