பீர் குடித்த கேமரா

ஒரூரோ என்ற மலைநகரத்துக் கல்யாணங்களையெல்லாம் படம்பிடித்துச் சலித்துப்போன ஹிலாரியோவுக்கு, கேமராவைத் தொடவே பிடிக்காமல் போயிருந்தது. பழைய ஆசை திரும்பி வரட்டுமே என்று, சட்டைப்பைக்குள் அடங்குகிற சின்னக் கேமரா ஒன்றை வாங்கி வந்தார்.

மனைவி நிக்கோலாசா சும்மா விடுவாளா? புதுப்பொருள் வீட்டுக்கு வந்தால் பீர் தெளித்துப் பூமித்தாய்க்குப் பங்கு தரவேண்டும் என்பது அந்த ஊர் வழக்கம். கேமராவை மேசையில் வைத்து, வண்ணக் காகிதத்தூள் தூவி, சுற்றிலும் பீரைத் தெளித்தாள். அவளுக்குக் கை கொஞ்சம் தாராளம். கேமரா நனைந்தே போனது.

"அடியே, இது லாரி இல்லடி, கேமரா!"

"புது லாரிக்கு முழு பாட்டில் ஊத்துவாங்க. நான் ரெண்டு சொட்டுதான ஊத்துனேன்?" என்றாலும் அவள் முகம் வெளுத்துவிட்டது. "கெட்டுப்போச்சாங்க?"

ஹிலாரியோ கேமராவைச் சட்டையில் துடைத்து, சோதித்துப் பார்க்க அவள் பக்கமே திருப்பினார். திரையில் நிக்கோலாசா, தலைமுடியெங்கும் காகிதத்தூளோடு, பயத்தில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். ஊர்ப் பெண்களையெல்லாம் மணக்கோலத்தில் எடுத்தவர், இவளைப் படமெடுத்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

பொத்தானை அமுக்கினார். படம் பளிச்சென்று விழுந்தது.

"என்னங்க, வேலை செய்யுதா?"

"தெரியலயே," என்று கூசாமல் பொய் சொன்னார். "அப்படியே நில்லு. இன்னொண்ணு எடுத்துப் பாக்குறேன்."